மரை கழண்ட கதை

'அவனுக்கு மரை கழண்டுடுச்சுப்பா!'

இந்த வசனத்தை ஒருமுறையாவது சொல்லாத ஆள் நம் ஊரில் கிடையாது. பெரிய 'ற' போட்டு எழுதினால் வேதம். சின்ன 'ர' போட்டால், போல்ட்டிலும் நட்டிலும் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளம். அந்தப் பள்ளம் தேய்ந்துவிட்டால் என்னதான் திருகினாலும் பிடிக்காது, சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் போய் மனுஷ மூளைக்கு ஒப்பிட்டுவைத்த ஆள், நிச்சயம் ஏதோ ஒரு பட்டறையில் வேலை பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

நானும் ஒரு பெரியவரை மனதுக்குள் அப்படி நினைத்தேன். அவர் என் அப்பா.

2014-ம் வருஷம், மே மாதக் கடைசி. சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்துக்கு வந்து இறங்கினேன். பத்து நாள் லீவு. முக்கியமான ஜோலி, வீட்டு வாசலில் 2 வருஷமாக நிற்கும் அம்பாஸடர் காரை ஓடவைத்து விற்பது. வாங்க வந்த ஆள், "ஓடுற கண்டிஷன்ல இருந்தா ஒரு ரேட்டு. ஓடலேன்னா எடைக்கு எடை, காயலான் கடை ரேட்டு" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் ஊருக்கு வந்த அதே வாரம்தான், மேற்கு வங்காளம் உத்தரபாராவில் அம்பாஸடர் தொழிற்சாலையையே இழுத்து மூடினார்கள். பேப்பரில் செய்தி வந்த அன்று, எங்கள் தெருக்காரர்கள் ஏதோ எங்கள் வீட்டில் துக்கம் நடந்ததுபோல விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வண்டி 1986 மாடல். அப்பா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். கையில் வந்த பணத்தில், எல்லோரும் திட்டத் திட்ட, ஒரு பழைய அம்பாஸடரை வாங்கினார். சொந்த மெக்கானிக் அவரே. வருஷா வருஷம் ஆடிப்பூரத்துக்கு அம்மாவை முன் ஸீட்டில் உட்காரவைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் பார்க்க ஓட்டிப் போவார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால், அமெரிக்கா போகிற மாதிரி முந்தின நாளே பானெட்டைத் திறந்து ஒவ்வொரு நட்டாகத் தட்டிப் பார்ப்பார்.

2012 தை மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும் போய்விட்டது. 'ஆ... ம்மா...' என்று ஒரே ஒரு சத்தம்தான் வரும். சோறு வேண்டும் என்றாலும் அதே சத்தம், வேண்டாம் என்றாலும் அதே சத்தம். கொஞ்ச நாள் கழித்து வீட்டில் எல்லோருமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். அப்பாவுக்கு எதுவும் புரிவதில்லை.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வியாபாரம் பார்க்கும் என் அண்ணன், போனிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தான். "வீட்டை என் பேருக்கு ஒரு பவர் வாங்கிக்கிடுறேன்டா. அவருகிட்ட கேட்க என்ன இருக்கு? கட்டைவிரலைப் பிடிச்சு ஒத்தி எடுத்துக்கிட வேண்டியதுதான். நீ என்ன சொல்றே?" அண்ணன் கெட்டவன் இல்லை. 2 வருஷமாக அப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்து எடுப்பவன் அவன்தான். சென்னையில் ஏஸி ரூமில் உட்கார்ந்திருந்த நான், "உன் இஷ்டம்ணே" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சைக் குத்துகிற இரண்டு வார்த்தைகள் அவை.

சரி, காருக்கு வருவோம்.

வாட்டர் பம்ப் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவன்... முதல் வகுப்பு! படித்து முடித்த நாளிலிருந்து கம்ப்யூட்டரில்தான் வேலை என்பது வேறு விஷயம். 'ஒரு பம்ப் மாற்ற ஷெட்டுக்குப் போவதா?' என்று வீறாப்பு. சென்னையில் வாங்கிய பளபளா ஸ்பேனர் செட்டை ஊருக்கே எடுத்து வந்திருந்தேன்.

வராந்தாவில் ஈஸி சேரைப் போட்டு அப்பாவை உட்காரவைத்திருந்தோம். நான் ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, பம்ப் போல்ட்களில் கைவைத்தேன். 12 மில்லிமீட்டர் ஸ்பேனர் நுழையவில்லை. 13 போட்டேன், நுழைந்தது. லேசாக ஆடியது. ஆடினால் என்ன, கழன்றால் சரி!

கழன்றன. கீழே இருந்த ஒன்றைத் தவிர.

அது அசையவில்லை. ஒரு பைப்பை ஸ்பேனரில் சொருகி, காலை பம்பரில் உதைத்து இழுத்தேன். 'கிரீச்' என்று ஒரு வழுக்கல். முட்டி கிழிந்து ரத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், ஆறு பட்டையாக இருந்த போல்ட் தலை கோலிக்குண்டுபோல மழுங்கிவிட்டிருந்தது.

அப்போது வராந்தாவிலிருந்து, "ஆ... ம்மா!" என்றொரு சத்தம். அப்பா இடது கையைத் தூக்கி, எதையோ பிடித்திருப்பதுபோல விரல்களைக் குவித்து, வலது பக்கமாகத் திருப்பிக் காட்டினார். திரும்பத் திரும்ப அதே ஜாடை. போல்ட்டைக் கழற்ற இடது பக்கம் அல்லவா திருப்பவேண்டும்? வலது பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். 30 வருஷத்துக்கும் மேல் ஃபிட்டராக இருந்த மனுஷனுக்கு இது மறந்துபோச்சே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

"பார்த்தியாடா? இடது வலதே தெரியலை. இவருகிட்டப் போய் கையெழுத்து கேட்கணுங்கிறாங்க" என்றான் அண்ணன், மெதுவாகத்தான்.

நானும் தலையை ஆட்டினேன். மனதுக்குள் அந்த வசனம் ஓடியது. 'பாவம்... மரை கழண்டுடுச்சு!'

அடுத்த 2 நாளும் அந்த ஒற்றைப் போல்ட்டோடு மல்லுக்கட்டினேன். மண்ணெண்ணெய் ஊற்றினேன். டபிள்யூ.டி.-40 என்று ஒரு ஸ்ப்ரே இருக்கிறதே, அதை வாங்கி அடித்தேன். அமெரிக்காவில் 1953-ல், ராக்கெட்டுகள் துருப்பிடிக்காமல் இருப்பதற்காகக் கண்டுபிடித்த சமாச்சாரம் அது. 39 தடவை சொதப்பி 40-வது தடவை ஜெயித்ததால்தான் பெயரிலேயே 40. ராக்கெட்டுக்கே வேலை செய்த மருந்து, எங்கள் ராஜபாளையத்துப் போல்ட்டிடம் பலிக்கவில்லை. உளியை வைத்துத் தட்டினேன். தலை இன்னும் கொஞ்சம் உருண்டதுதான் மிச்சம். ஒவ்வொரு முறையும் வராந்தாவிலிருந்து அதே சத்தம், அதே ஜாடை. ஒருமுறை எரிச்சலில், "சும்மா இருங்கப்பா!" என்று கத்தியேவிட்டேன். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

ராத்திரி சாப்பாடு போடும்போது அம்மா சொன்னாள். "எய்யா, உங்கப்பாவோட பழைய ஸ்பேனர் பெட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் மாமாகிட்ட இருக்கு. உங்கப்பா விழுந்ததுக்கு அப்புறம், பூட்டிக் கெடந்து துருப்பிடிக்க வேண்டாமுன்னு நான்தான் குடுத்துவிட்டேன். போய் வாங்கிட்டு வாயேன்."

அந்த மாமா சொந்தக்காரர் இல்லை. மில்லில் அப்பாவுக்குக் கீழே ஹெல்பராகச் சேர்ந்து ஃபிட்டர் ஆனவர். மறுநாள் காலை பஸ் ஏறினேன். மேற்கே மலை கூடவே வந்தது. பால்கோவாக் கடைகளைத் தாண்டி, ஆண்டாள் கோபுரத்தை பஸ்ஸிலிருந்தே கும்பிட்டுவிட்டு, மடவார்வளாகம் பக்கம் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். 70 வயதைத் தாண்டியவர் திண்ணையில் உட்கார்ந்து சைக்கிள் பெடல் மாட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழா இருக்கும், தெரியுமா தம்பி?" - வந்ததும் வராததுமாக அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். எல்லா மரையும் ஒரே மாதிரி இருந்தால், இடது பெடல் மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்று வந்துவிடுமாம். டேபிள் ஃபேன் இறக்கையைப் பிடித்திருக்கும் திருகுக்கும் பெரும்பாலும் அதே கணக்குதான். மெக்கானிக்கல் இன்ஜினீயர் 'அப்படியா மாமா!' என்று கேட்டுக்கொண்டான்.

நான் நடந்ததைச் சொன்னேன். 13 மில்லிமீட்டர் என்றதுமே தலையில் அடித்துக்கொண்டார்.

"அட கிறுக்கா... அது இஞ்ச் வண்டிய்யா! அரை இஞ்ச் ஸ்பேனர்ல போடணும். அரை இஞ்ச்னா 12.7 மில்லிமீட்டர். நீ 13 போட்டா, 0.3 மில்லிமீட்டர் லொடலொடன்னு ஆடும். அந்த ஆட்டந்தான் மூலையைத் தின்னுடும்."

அங்கேயே திண்ணையில் ஒரு வகுப்பு நடந்தது. அவர் சொன்னதோடு, பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறை போல்ட் அடுத்த பட்டறை நட்டில் ஏறாது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர்தான் 1841-ல், 'எல்லோரும் 55 டிகிரி கோணத்தில் மரை வெட்டுங்கள்' என்று ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தார். 1864-ல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ், 'அதெல்லாம் முடியாது, 60 டிகிரி' என்றார். விளைவு? இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்ற இரண்டு நாட்டு டாங்கிகளுக்கும் ஒன்றின் போல்ட் மற்றதற்குச் சேரவில்லை. போர் முடிந்து, 1948-ல்தான் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் உட்கார்ந்து பேசி ஒரு பொது மரைக்குச் சம்மதித்தன. நம் நாடு 1956-ல் சட்டம் போட்டு மெட்ரிக் முறைக்கு மாறியது. ஆனால், அம்பாஸடரின் பூர்வீகம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. சட்டம் மாறினாலும் வண்டி இஞ்ச்சை விடவில்லை. பிறகு இசுசூ இன்ஜின் போட்டு வந்த வண்டிகளில்தான் மில்லிமீட்டர் வந்தது.

"எங்க மில்லுலயும் அப்படித்தான். ஓல்ட்ஹாம்லருந்து வந்த பிளாட் பிரதர்ஸ் மெஷினெல்லாம் இஞ்ச். அப்புறம் வந்ததெல்லாம் மில்லிமீட்டர். உங்கப்பா ரெண்டுக்கும் தனித்தனிப் பெட்டி வெச்சிருப்பாரு. கலந்து போட்டா கையிலயே ஒரு அடி விழும்" என்று சிரித்தவர், "ஆமா, அண்ணாச்சி பக்கத்துலதானே இருந்தாரு... ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார்.

"அப்பாவுக்குத்தான் பேச்சு வராதே மாமா. சும்மா கையை இப்படி இப்படித் திருப்பிக்கிட்டு இருந்தார். பாவம், எந்தப் பக்கம் திருப்பணும்னுகூட மறந்துபோச்சு."

மாமா பெடலைக் கீழே வைத்தார். "எந்தப் பக்கம் திருப்புனாரு?"

வலது பக்கமாகத் திருப்பிக் காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "தம்பி, அவருக்கு மறக்கலைய்யா. இறுக்கச் சொல்லியிருக்காரு. துருப்பிடிச்ச போல்ட்டை மொதல்ல இறுக்கணும். ஒரு மயிரிழை இறுக்குனா, உள்ள இருக்கிற துரு நொறுங்கும். அப்புறம் கழட்டணும். எனக்கு மொத நாளு அவரு சொல்லிக் குடுத்த பாடமே அதுதானே!"

எனக்குக் காது அடைத்துப்போனது.

இதில் ஒரு மந்திரமும் இல்லை. துரு என்பது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். மரை இடுக்குகளில் அது உப்பி, போல்ட்டைக் கவ்விப் பிடித்துவிடுகிறது. கழற்றுகிற பக்கமே முரட்டுத்தனமாக இழுத்தால், தலை மழுங்கும் அல்லது முறியும். எதிர்ப்பக்கம் லேசாக அசைத்தால், அந்தத் துருப்பிடி விரிசல் விடுகிறது. பிறகு முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

"தேருக்குத் தடி போட்டிருக்கேன் சின்ன வயசுல. வடத்தை ஆயிரம் பேர் இழுத்தாலும், புதைஞ்ச சக்கரம் சும்மா வந்துடாது. பின்னாலருந்து தடி போட்டு நெம்பி ஒரு அசை அசைச்சாத்தான் நகரும். இரும்புச் சக்கரம் மாட்டுறதுக்கு முந்தி, தேரு நிலைக்கு வர எத்தனை நாளாகும் தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கூப்பிடாமலேயே என்னோடு கிளம்பிவிட்டார். வழியில் அம்மாவுக்காகக் கால் கிலோ பால்கோவா அவரே வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா நேராக அப்பாவிடம் போனார். "அண்ணாச்சி, இறுக்கித்தானே கழட்டணும்?" என்று கேட்டார்.

அப்பாவின் முகத்தை என்னால் விவரிக்க முடியாது. 2 வருஷமாக யாருக்குமே கேட்காத ஒரு பேச்சு, ஒருத்தருக்குக் கேட்டுவிட்டது. இடது கையால் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஆ... ம்மா... ஆ... ம்மா..." என்றார். அது 'ஆமா' என்று எங்கள் எல்லோருக்குமே அன்றைக்குத்தான் கேட்டது. அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஈஸி சேரைக் காருக்குப் பக்கத்திலேயே தூக்கிப் போட்டோம். இனி டைரக்டர் அப்பா. மழுங்கிய தலைக்கு அரை இஞ்ச் ஸ்பேனர் பிடிக்காது. அதனால் மாமா என் பளபளா செட்டிலிருந்தே 12 மில்லிமீட்டர் பாக்ஸை எடுத்து, அந்தத் தலையில் சுத்தியலால் அடித்து ஏற்றினார். போல்ட்டைவிடச் சின்ன பாக்ஸ். அடிக்க அடிக்க இரும்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தது. அந்த அடியின் அதிர்ச்சியும் துருவுக்கு நல்லதாம். நான் மறுபடி பைப்பை எடுத்தேன். அப்பா வேகமாகக் கையை ஆட்டி மறுத்தார்.

"பைப்பு வேண்டாங்கிறாரு. தலை முறிஞ்சுதுன்னா அப்புறம் துளை போட்டு, ஈஸி அவுட் விட்டுத்தான் எடுக்கணும். அது ஒருநாள் பொழப்பு" என்றார் மாமா.

அப்பா விரல்களைக் குவித்து வலது பக்கம் திருப்பினார். நான் இறுக்கினேன். இன்னும் கொஞ்சம் என்று கண்ணைக் காட்டினார். இன்னும் கொஞ்சம்.

'டிக்!'

அவ்வளவுதான், சின்ன சத்தம். அப்பாவின் கை உடனே இடது பக்கம் திரும்பியது. கழற்றினேன். கால் சுற்று வந்தது. உடனே 'நிறுத்து, திருப்பி இறுக்கு' என்று ஜாடை. பிறகு கழற்று. மண்ணெண்ணெய் ஊற்று. மறுபடி இறுக்கு. 2 நாள் நடந்த யுத்தம், 20 நிமிஷத்தில் முடிந்துபோனது. போல்ட் தளர்ந்ததும் மாமா என்னைத் தள்ளிவிட்டு, அப்பாவைக் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்தினார். கடைசிச் சுற்றுகளை அப்பாதான் தன் இடது கை விரல்களால் கழற்றி எடுத்தார். சட்டையில் கிரீஸ் பட்டதற்கு, பழையபடி அம்மா திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள்.

அன்று ராத்திரி அண்ணன் என்னிடம் வந்தான். "அவருக்கு எல்லாமே புரிஞ்சிருக்குல்லடா? நான் அவரு முன்னாலயே பவரு, பத்திரமுன்னு பேசிக்கிட்டு இருந்தேனே..." என்று குரல் உடைந்தான். நானும்தான் 'உன் இஷ்டம்' என்றேன் என்பதை அவனிடம் ஒப்புக்கொண்டேன். மறுநாள் 2 பேரும் அப்பா முன்னால் உட்கார்ந்து, வீட்டு விஷயத்தை முதலிலிருந்து சொல்லிக் கேட்டோம். ஆமாம் என்றால் கையை மேலே தூக்குங்கள், இல்லை என்றால் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பவர் கேட்டதற்குக் கை பக்கவாட்டில் ஆடியது. அம்மாவைக் காட்டி, வீட்டைக் காட்டினார். அம்மா இருக்கிறவரை வீடு அவளுக்கு. அதில் குழப்பமே இல்லை. காரை விற்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையைத் தூக்கினார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் விரலை நீட்டினார். தேர் முடிந்த பிறகு!

அதன் பிறகு மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் கேட்டபோது, அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். இடது பக்க மூளை அடிபட்டால் வலது கை, கால் விழுவதோடு பேச்சும் போகலாம். ஆனால், பேச்சு போனவர்களுக்கெல்லாம் புரிதலும் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. 1861-லேயே பாரிஸில் பால் புரோக்கா என்ற டாக்டர், 'டான்' என்ற ஒரே சத்தத்தை மட்டும் சொல்லும் நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். மற்றவர்கள் சொல்வது அந்த ஆளுக்குப் பெரும்பாலும் புரிந்ததாம். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது, இடது முன்பக்கத்தில் பழுது இருந்தது. பேச்சுப் பயிற்சியை ஆரம்பத்திலேயே கொடுத்திருந்தால் நல்லது, இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்றார் டாக்டர். 2 வருஷத்தை நாங்கள் வீணடித்திருந்தோம். பயிற்சிக்குப் பிறகு அப்பாவுக்குப் பத்துப் பதினைந்து வார்த்தைகள் திரும்பி வந்தன. அவற்றில் ஒன்று, 'மடையா!'

அந்த ஆடிப்பூரத்துக்கு அண்ணன் ஓட்ட, முன் ஸீட்டில் அப்பா, பின் ஸீட்டில் அம்மாவும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். புது பம்ப், புது போல்ட், அரை இஞ்ச் ஸ்பேனர். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தேர் அசைந்தபோது அப்பா வடத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்துக்குப் பின்னால் நிற்கிற ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் காரை ஓட்டிக்கொண்டு போக ஆள் வந்தபோது, அப்பா சாவியோடு அந்த இஞ்ச் ஸ்பேனர் பெட்டியையும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அரை இஞ்ச் ஸ்பேனரை மட்டும் தனியே எடுத்து என் பக்கம் நீட்டினார். 2017-ல் அப்பா காலமானார். வீடு அம்மா பேரில்தான் இருக்கிறது. அந்த ஸ்பேனர் சென்னையில் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. எங்கள் ஃப்ளாட்டில் அதற்குப் பொருந்துகிற போல்ட் ஒன்றுகூடக் கிடையாது.

இப்போதும் யாராவது என் எதிரில், 'அந்தப் பெரியவருக்கு மரை கழண்டுடுச்சு சார்' என்று சொன்னால், நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"நீங்க போட்டுப் பார்த்தது சரியான ஸ்பேனர்தானா?"